வால்வு

மற்றதெல்லாம் வருகுது.
செய்தி வருகுது, இராசிபலன் வருகுது,
ஆரோ ஒருத்தற்றை பூனை
மேசையிலயிருந்து விழுகிறது கூடத்
தடக்காமல் வருகுது.
அந்த ஒரு பக்கம் மட்டும் வெள்ளை.
நடுவில ஒரு வட்டம்
செக்கு மாடு மாதிரிச் சுத்தும்,
களைச்சுப்போய் நிக்கும்.
"இந்தத் தளத்தை அடைய முடியவில்லை."

நான் தண்ணி மோட்டர் திருத்துறவன்.
கொக்குவிலில எந்த வளவுக் கிணறு
எந்த மாதம் வத்தும் எண்டு கேளுங்கோ, சொல்லுவன்.
தண்ணி வராத பைப்புக்கு முன்னால நிண்டு
கத்திப் பிரயோசனமில்லை.
கிணத்தடியில தொடங்கவேணும்.
பிறகு ராங்கி, பிறகு மூட்டுகள்,
ஒவ்வொண்டாய்த் தொட்டுக்கொண்டு
நடந்து வரவேணும்.

நடந்தன்.
ரவுட்டரை நிப்பாட்டி, இருபது எண்ணிப் போட்டன்.
நாலு லைற்றும் பச்சை.
வயரைக் கழட்டி ஊதினன்.
காஞ்ச பல்லிமுட்டை ஒண்டு விழுந்தது,
பாவம், அதில பிழையில்லை.
லப்டொப்பில வரேல்லை. போனில வரேல்லை.
வைஃபையை விட்டிட்டு டேட்டாவில தட்ட
உடனை வந்தது:
பைல் நம்பர், என்ரை பேர், பிழையான முதலெழுத்து,
கீழை
"பரிசீலனையில் உள்ளது."
மூண்டு வருஷமாய் உள்ளது.
அதை நான் வாசிக்கவேயில்லை.
கிணத்தில தண்ணி இருக்கு,
பிழை எங்கடை வளவுக்குள்ளை
எண்டதுதான் அப்ப எனக்குச் சந்தோஷம்.

கம்பனிக்கு எடுத்தன்.
அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டிட்டு
"எங்கடை பக்கம் கிளியர் அண்ணை" எண்டான் ஒரு பொடியன்.
முன்வீட்டு டிலக்‌ஷன் வந்தான்.
"பேரைச் சொன்னால் இலக்கம் சொல்லுற ஆளை
மாத்திப் பாப்பம் மாமா" எண்டு
நாலு எட்டு அடிச்சான்.
ஆள் மாறினார். பக்கம் வரேல்லை.
ரியூசனுக்கு நேரமாச்செண்டு போயிற்றான்.
நளாயினி தேத்தண்ணி கொண்டந்து வைச்சாள்.
"இன்னும் சரிவரேல்லையோ?"

தாவடியில ஒருக்கால்
முத்தம் முழுக்கக் கிண்டினனாங்கள்.
புதுப் பைப் வாங்க ஆளும் அனுப்பியாச்சு.
கடைசியில பாத்தால்
மதிலோரம், குரோட்டன் செடிக்குக் கீழை
வால்வு பூட்டிக் கிடக்குது.
பூட்டின மனுசன்
காலமையில இருந்து எங்களுக்குப் பக்கத்தில நிண்டு
"கவனம் தம்பி, அதில வேர் நிக்குது" எண்டு
சொல்லிக்கொண்டிருந்தவர்.

ரவுட்டரைக் கவிட்டுப் பிடிச்சு
அடியில ஒட்டியிருந்த இலக்கத்தை அடிச்சன்.
உள்ளுக்கை ஒரு வீடு திறந்த மாதிரி
அறை அறையாய் இருந்தது.
கடைசி அறை: தடுக்கப்பட்ட தளங்கள்.
ஒண்டே ஒண்டு.
ஆடி அமாவாசை, இரவு பதினொண்டே கால்.

கீரிமலையில முழுகி வந்து
அப்பாவுக்குப் படைச்ச நாள்.
இலையில காத்தோட்டிக்காய்ப் பொரியல் ஆற ஆற
நான் மேசைக்குக் கீழை
போனைத் தேய்ச்சுக்கொண்டிருந்த நாள்.

குசினியில அரிக்கன்சட்டிச் சத்தம் நிக்கேல்லை.
"நான்தான்" எண்டாள், திரும்பாமல்.
"ஆர் காட்டித் தந்தது?"
"அடியில எழுதிக் கிடக்கு. எனக்கும் வாசிக்கத் தெரியும்."
கல்லு அரிச்சு, தண்ணியை வாழைக்கு ஊத்திப்போட்டு வந்தாள்.
"நாப்பத்தொரு தரம். அண்டைக்கு மட்டும்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்.
முடிவு வந்தால் அவங்கள் அறிவிப்பாங்கள் தானே."

நான் ஒண்டும் சொல்லேல்லை.
ரண்டு நாளாய் நான் அதைப் பாக்கேல்லை எண்டது
அப்பதான் உறைச்சது.
பாக்கேலாமல் போனதுக்குக் காரணம் தேடின ரண்டு நாளும்
நான் வேறை ஒண்டுக்கும் காத்திருக்கேல்லை.

திரையில சின்னப் பெட்டி கேக்குது:
இந்த வரியை நீக்கவா? ஆம். இல்லை.

"ராங்கியில தண்ணியில்லை" எண்டாள்.
"மோட்டரைப் போடுங்கோ."

எழும்பிப் போய்ப் போட்டன்.
கொஞ்சம் இரைஞ்சு, காத்தைத் துப்பி,
பிறகு பிடிச்சது.
நிரம்பி வழியும்வரை
கிணத்தடியில நிண்டன்.
பெட்டி உள்ளுக்கை இன்னும்
கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.